பிறர் துயரை அறிதல்: மெய்ப்பாட்டு உரைகளிலிருந்து சோழவந்தான் தெரு வரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதிய பேராசிரியர், எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிக்கொண்டு வரும்போது அழுகை என்னும் இடத்தில் சற்றே நிற்கிறார். தனக்கு நேர்ந்ததை நினைத்து ஒருவன் அழுவது ஒன்று, இன்னொருவனுடைய துயரத்தைக் கண்டு அழுவது வேறொன்று என்று பிரிக்கிறார். ஒன்றை அவலம் என்றும் மற்றதைக் கருணை என்றும் கொண்டு, அதனால் சுவை ஒன்பது என்று கணக்கிடுவதும் உண்டு என்கிறார். அவ்வளவுதான், அடுத்த மெய்ப்பாட்டுக்குப் போய்விடுகிறார். 13-ஆம் நூற்றாண்டு உரையில் ஓரிரு வரிகளில் முடிந்துபோகும் இந்தப் பிரிப்பு, பிறர் உணர்வை உணர்தல் பற்றிய தமிழ்ச் சிந்தனையில் ஒரு திருப்பம் என்பது என் கருத்து. அதற்கு முன்பு என்ன இருந்தது, பின்பு அது எங்கெல்லாம் போனது என்பதை மதுரைக்கு மேற்கே வைகைக் கரையிலுள்ள சோழவந்தானையும் அதன் சுற்றுப்புறத்தையும் கண்ணில் வைத்துக்கொண்டு தொடர்வதே இக்கட்டுரையின் வேலை.

முதலில், இந்தச் சிந்தனையைக் கோட்பாடாக வகுத்தவர்கள் அறநூலார் அல்லர், கூத்து நூலார். பேராசிரியருக்கு முந்திய இளம்பூரணர், மெய்ப்பாடு என்றால் என்னவென்று விளக்க வரும்போது செயிற்றியனாரைத்தான் துணைக்கு அழைக்கிறார். செயிற்றியம் இன்று இல்லாமற்போன நாடக இலக்கண நூல். நடிப்பவன் செய்வது பார்ப்பவனைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்பது அந்நூலின் கொள்கை. இளம்பூரணர் அதை அச்சத்தை வைத்து விளக்குகிறார்: அஞ்சியவன் உள்ளத்தில் நிகழும் அச்சம் அவன் உடம்பில் புறப்பட்டுப் பார்க்கிறவனுக்குப் புலப்படும் தன்மைதான் மெய்ப்பாடு. உணர்வு எனக்குள்ளே பூட்டிக்கிடக்கிறது, அடுத்தவன் அதை ஊகிக்க வேண்டும் என்ற கவலையே இங்கே கிடையாது. வியர்வையிலும் நடுக்கத்திலும் கண்ணீரிலும் மயிர்ச்சிலிர்ப்பிலும் அது வெளியே வந்து நிற்கிறது. பார்க்கத் தெரிந்தவன் பார்த்துக்கொள்கிறான்.

ஐரோப்பாவிலும் கதை ஏறத்தாழ இப்படித்தான். 1873-இல் ராபர்ட் விஷர் என்ற ஜெர்மானியர், கலைப்பொருளைப் பார்க்கிறவன் அதற்குள் தன் உணர்வைச் செலுத்துவதைப் பற்றி எழுதினார். தியோடர் லிப்ஸ் அதை மனிதர்களுக்கு விரித்தார். 1909-இல் எட்வர்ட் டிச்னர் அதற்கு ஆங்கிலத்தில் ‘எம்பதி’ என்று பெயர் வைத்தார். இன்று மருத்துவக் கல்லூரியிலிருந்து மேலாண்மைப் பயிற்சி வரை புழங்கும் சொல், கலைக்கூடத்தில் பிறந்தது. நம்முடையது கூத்துக் களரியில் பிறந்தது. அங்கே பார்ப்பவனிடமிருந்து பொருளுக்கு உணர்வு போகிறது, இங்கே நடிப்பவனிடமிருந்து பார்ப்பவனுக்கு வருகிறது. திசை மாறியிருப்பது கவனிக்கத்தக்கது.

பார்க்கத் தெரிந்தவன் என்றேன். மெய்ப்பாட்டியலின் கடைசி நூற்பா இதைத்தான் பேசுகிறது. கண்ணாலும் செவியாலும் ஐயமற உணரும் ஆற்றல் உடையவர்களுக்கே மெய்ப்பாட்டின் பொருள் பிடிபடும், மற்றவர்களுக்கு அது எண்ணிப் பார்க்கவும் அரியது என்பது அதன் சாரம். இருபத்தேழு நூற்பாக்களில் உணர்வுகளை வகுத்து முடித்த ஆசிரியர், எல்லோருக்கும் இது வாய்க்காது என்று சொல்லி இயலை மூடுகிறார். நல்ல மனம் இருந்தால் போதும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. கண்ணும் செவியும் பழக வேண்டும்.

சோழவந்தானுக்கும் தொல்காப்பியத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒருவரைப் பற்றியது. அரசஞ்சண்முகனார் (1868–1915) இவ்வூரில் பிறந்து மதுரையில் தமிழாசிரியராக இருந்தவர். தொல்காப்பியப் பாயிரம் ஒன்றுக்கு மட்டும் அவர் எழுதிய ‘பாயிர விருத்தி’, முன்பே அதற்கு விருத்தி எழுதிய சிவஞான முனிவரோடு அடிக்கு அடி வாதாடும் நூல். மெய்ப்பாட்டியல் வரை அவர் விருத்தி வரவில்லை, வந்திருந்தால் பேராசிரியரையும் விட்டிருக்க மாட்டார். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய பிறகு அங்கே கூடிய புலவர்களில் அவரும் ஒருவர். அந்தப் புலவர் கூட்டத்தில்தான் இன்னொரு கணக்கும் தீர்க்கப்பட்டது. சி.வை. தாமோதரம்பிள்ளை 1885-இல் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தபோது உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையது என்றே அச்சாயிற்று. மெய்ப்பாட்டியல் உள்ளிட்ட பின்பகுதி பேராசிரியர் உரை என்பதை ரா. இராகவையங்கார் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழில் காட்டினார். அழுகையை இரண்டாகப் பிரித்தவர் யார் என்பது நமக்குத் தெரிய வந்ததே அதற்குப் பிறகுதான்.

அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு காரணங்கள். இவற்றைப் படிக்கும் எவரும் அடுத்து வரும் இளிவரலில் திடுக்கிடுவார்கள். அதற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கும் காரணம். நோயாளியைக் கண்டால் நமக்குள் இரக்கம்தான் எழும் என்று அறநூல்கள் நம்ப விரும்புகின்றன. தொல்காப்பியர் பிணியை அழுகையில் வைக்கவே இல்லை, அருவருப்பும் இழிவுணர்வும் கலந்த இளிவரலில் வைத்தார். ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியைப் பார்க்கப் போன உறவினர், புண்ணின் கட்டு அவிழும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆப்பிள் பையைக் கட்டிலுக்கடியில் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வகைப்பாட்டின் நேர்மை புரியும். துயரத்தைக் காணும் கண் இரங்கவும் செய்யும், விலகவும் செய்யும். எது நிகழும் என்பதை ஒரு சமூகம் தன் பழக்கங்களால்தான் தீர்மானித்துக்கொள்கிறது.

சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் கோயிலை இந்த இடத்தில்தான் கொண்டுவர வேண்டும். அம்மை கண்டவர்களுக்கு இங்கே தீர்த்தம் வாங்கிப் போவது வைகைக் கரை ஊர்களின் நெடுநாள் வழக்கம். பெரியம்மை உயிரைப் பறித்த காலத்தில் கொப்புளம் நிறைந்த உடம்பைவிட இளிவரலைத் தூண்டும் காட்சி இருந்திருக்காது. அந்த நேரத்தில் தெரு என்ன செய்தது? ‘அம்மா வந்திருக்கா’, ‘முத்துப் போட்டிருக்கு’ என்றது. நிலையில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது, கவிச்சி நின்றது, படுத்திருக்கும் பிள்ளையைத் திட்டும் வாயும் நின்றது. குடும்பம் முழுவதும் ஏதோ ஒன்றைக் குறைத்துக்கொண்டது. பிணி தணிந்ததும் வைகாசித் திருவிழாவில் பிள்ளைக்காகத் தாய் தீச்சட்டி எடுத்தாள், தகப்பன் பூக்குழி இறங்கினான். நோயுற்ற உடம்பின் சூட்டைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும் சடங்கு இது.

இந்தச் சடங்குகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. அம்மை குத்தும் ஊசிதான் பெரியம்மையை ஒழித்தது, வேப்பிலை அல்ல. 1977-இல் இந்தியா பெரியம்மையற்ற நாடு என அறிவிக்கப்பட்டது, 1980-இல் உலகம். அதில் ஐயமில்லை. ஆனால் சடங்கு செய்த வேலை வேறு. இளிவரலுக்குரிய உடம்பை வணக்கத்துக்குரிய உடம்பாக்கி, விலக நினைத்த கண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியது. மெய்ப்பாட்டியல் பட்டியலிட்ட ஓர் உணர்வை இன்னொன்றாக மாற்றும் வழியை எந்த உரையாசிரியரும் எழுதவில்லை, மாரியம்மன் கோயில் தெருக்கள் எழுதின.

நூல்களின் பாதைக்குத் திரும்பினால், திருக்குறள் ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் கலைக்கு வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். 71-ஆவது பொருட்பாலில், 110-ஆவது காமத்துப்பாலில். ஒன்றில் அமைச்சன் அரசனின் முகத்தைப் படிக்கிறான், மற்றொன்றில் காதலன் காதலியின் கண்ணைப் படிக்கிறான். அறத்துப்பாலில் அந்தப் பெயரில் அதிகாரம் இல்லை. அங்கே பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் கருதாத அறிவினால் என்ன பயன் என்ற கேள்வி இன்னாசெய்யாமையில் வருகிறது, அதுவும் துறவறவியலில். ஆக, பிறர் மனத்தை அறிவது வேறு, அறிந்ததால் உருகுவது வேறு என்பது வள்ளுவருக்குத் தெரிந்திருக்கிறது. அரண்மனையில் குறிப்பறிகிறவன் நல்லவனாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஏமாற்றுக்காரனுக்கும் அந்தக் கலை வேண்டும்.

இரண்டையும் சேர்க்கக்கூடிய அதிகாரம் 58, கண்ணோட்டம். குறள் உரையாசிரியர் பரிமேலழகர் இங்கே ஒரு வேலி போடுகிறார். தன்னோடு பழகியவரைக் கண்டால் அவர் சொல்வதை மறுக்க மாட்டாமை என்று அதற்குப் பொருள் வரையறுக்கிறார். பழகியவருக்கு! பழகாதவன் துயரத்தோடு வந்து நின்றால் என்ன என்பதற்கு அந்த வரையறையில் இடமில்லை. இதைப் பரிமேலழகரின் குறையாக மட்டும் பார்க்க நான் தயாரில்லை. அவர் தம் காலத்துச் சமூகம் எப்படி இயங்கியதோ அதையே எழுதினார்.

கேத வீட்டில் அந்த வேலியைக் கண்ணால் பார்க்கலாம். மதுரை வட்டாரத்தில் துக்கம் விசாரிப்பதைக் ‘கேதம் கேட்டல்’ என்பார்கள். ஆண்கள் வாசலில் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் ஒன்றும் பேச வேண்டியதில்லை. இறந்தவரின் மகன் இரண்டு கைகளையும் நீட்ட, வந்தவர் அதைத் தொட்டுவிட்டு உட்கார வேண்டும். உள்ளே பெண்கள் வட்டமாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்து அழுவார்கள். புதிதாக வந்தவள் அந்த வட்டத்துக்குள் புகுந்து அழுது, அடுத்தவளை விலகவிட்டு ஓய்வு கொடுப்பாள். ஒப்பாரியில் அவள் எடுப்பது பல நேரம் தன் வீட்டுச் சாவாகவே இருக்கும். பேராசிரியர் பிரித்த அவலமும் கருணையும் அந்த வட்டத்துக்குள் மீண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கிளம்பும்போது ‘வர்றேன்’ என்று யாரும் சொல்வதில்லை. எவ்வளவு துக்கம் என்று அளக்காமல், கைநீட்டலையும் தொடுதலையும் மட்டும் கேட்கும் இந்த முறை, வார்த்தை வராதவனையும் காப்பாற்றுகிறது.

அதே வாசலுக்கு வெளியே பறை அடித்தவர்கள் நின்றார்கள். ஊர் ஊராக நடந்து சாவுச் சேதி சொன்னவர்களும் அவர்களே. அது அவர்கள் மேல் சுமத்தப்பட்ட வேலை. அவர்கள் வீட்டுச் சாவுக்குக் கேதம் கேட்க அந்தப் பெஞ்சுகளில் இருந்தவர்கள் போனதில்லை. பழகியவருக்கே கண்ணோட்டம் என்ற வரையறையின் நடைமுறை வடிவம் இதுதான். பறையடிக்க மாட்டோம் என்று தலித் மக்கள் பல ஊர்களில் மறுத்ததை, வேலை மறுப்பாக மட்டும் பார்ப்பது போதாது. ஒரு துயரம் மட்டும் துயரமாக எண்ணப்படும் ஏற்பாட்டை அவர்கள் மறுத்தார்கள்.

வேலியைக் கொள்கை அளவில் உடைத்தவர் வள்ளலார் (1823–1874). ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில் அவர் எழுப்பும் கேள்வி ஓர் உளவியல் கேள்வி: பிற உயிர் துன்பப்படுவதைப் பார்த்தும் சிலருக்கு ஏன் மனம் உருகுவதில்லை? அவர் பதில் முழுக்கப் பார்வை பற்றியது. ஆன்ம அறிவு என்னும் கண், அறியாமை என்ற காசம் என்னும் கண்நோயால் ஒளி மங்கிவிட்டது. அதற்கு உதவ வேண்டிய மனம் முதலிய மூக்குக்கண்ணாடிகளும் தடித்துப்போய் ஒளியைக் காட்டவில்லை. அதனால் உறவைக் கண்டறிய முடியவில்லை என்கிறார். தொல்காப்பியர் சிலருக்கே வாய்க்கும் ஆற்றல் என்று விட்டதை, வள்ளலார் எல்லோருக்கும் உரியதென்றும், இல்லாதிருப்பதுதான் நோய் என்றும் புரட்டிப்போட்டார். பேராசிரியரின் கருணைக்கும் இதற்கும் இடையில் ஆறு நூற்றாண்டுகள். 1867 மே 23 அன்று வடலூரில் தொடங்கிய தருமச்சாலையில் பசித்து வந்தவனிடம் சாதி கேட்கவில்லை, பழக்கமும் கேட்கவில்லை. பசியைத் தேர்ந்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. மற்ற துயரங்களில் அடுத்தவன் உள்ளத்தை நாம் தவறாகப் படித்துவிடலாம், பசியைத் தவறாகப் படிக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் மெய்ப்பாட்டியல் மீண்டும் மதுரைக்கு வந்தது. பசுமலையில் வாழ்ந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் (1879–1959) அந்த இயலுக்குப் புத்துரை எழுதினார். பழைய உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டை வடமொழி நாடகச் சுவையோடு முடிச்சுப் போட்டது தவறு, தொல்காப்பியர் பேசுவது செய்யுளில் வரும் மக்கள் வாழ்வின் உணர்வை என்பது அவர் வாதம். தமிழ் மரபின் தனித்தன்மையை நிறுவ அது உதவியது. ஆனால் நாடகத்தை வெளியேற்றியதில் ஒன்றை இழந்தோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. செயிற்றியனார் சொன்ன நடிப்பவன், பார்ப்பவன் என்ற இருவர் இல்லாமல், துயரம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்ற கேள்வியே எழாது.

மேடையோ அப்போது மதுரையில் உச்சத்தில் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இங்கேதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். வைகையின் மறுகரையில், சோழவந்தானுக்கு எதிரே உள்ள தென்கரையில் 1924-இல் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் சிறுவயதிலேயே நாடகத்துக்குப் போனார். 1945-இல் ஏ.வி.எம்.மின் ‘ஸ்ரீவள்ளி’ அவர் குரலைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோனது. ஊர்த் திருவிழாக்களில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் அரிச்சந்திரன் மயான காண்டம் வரும்போது, விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்கி வழியும் கூட்டம் எழுந்து உட்காரும். பாம்பு கடித்த மகனை மடியில் போட்டுச் சந்திரமதி அழுவாள், முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைப்பார்கள். நடிப்பவனிடமிருந்து பார்ப்பவனுக்கு என்ற செயிற்றியக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தச் சந்திரமதி மறுநாள் என்ன ஆகிறாள் என்பதை மதுரையில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். மேடையில் ஆண்களோடு நடிக்கும் பெண் என்பதற்காகவே அவள் மேல் படியும் பழி, அதைக் கழுவிக்கொள்ள அவள் பேச்சிலும் நடையிலும் பயணத்திலும் எடுத்துக்கொள்ளும் ஓயாத முன்னெச்சரிக்கை, இவைதான் அந்நூலின் பொருள். இரவில் அவளோடு அழுத ஊர், பகலில் அவளைத் தள்ளி நிறுத்துகிறது. மெய்ப்பாட்டுக் கோட்பாடு சந்திரமதியின் துயரத்துக்கு இடம் கொடுத்தது, பார்க்கிறவளின் துயரத்துக்கும் பேராசிரியர் வழியாகத் தனிப் பெயரே கொடுத்தது. நடிக்கிறவளின் சொந்தத் துயரத்துக்கு எட்டிலும் ஒன்பதிலும் கட்டம் போடவில்லை.