கணிப்பொறியின் வினையெச்சம்

மலேசியாவில் முதன்முதல் நிறுவப்பெற்ற கணிப்பொறி, 1966ஆம் ஆண்டில் தேசிய மின்சார வாரியம் அமைத்த ஐபிஎம் 1401 என்பர். அஃது ஏற்ற வேலையை முடித்த பின்னரே பெரும்பாலும் அடுத்த வேலையைத் தொடும். இன்றைய கைப்பேசியோ பல வேலைகளை ஒருங்கே நடத்துவதுபோல் தோன்றுகின்றது. உண்மையில் அதன் செயலி ஒன்றைப் பாதியில் நிறுத்தி, மற்றொன்றைத் தொட்டு, மீண்டும் பழையதற்குத் திரும்புகின்றது. இவ்வாறு நடைபெறும் வேலைத்தொடரை ‘இழை’ என்பர்.

‘வந்து’ என்ற வினையெச்சம் ஒரு வினைமுற்றை நோக்கி நிற்பது தமிழாசிரியர் அறிந்ததே. நிறுத்தப்பட்ட இழையும் அத்தகையதே. அது முற்றுப்பெற வேண்டுமாயின், அடுத்து நிறைவேற்ற வேண்டிய கட்டளையின் முகவரி, பதிவகங்களில் இருந்த எண்கள், அடுக்கின் உச்சி ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பே இழையின் நிலை. அதில் ஓர் எண் பிறழினும் வேலை வழிதவறும்.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஐபிஎம் அறிவித்த ‘சிஸ்டம் 360’ இதற்கு ஒரு வழி கண்டது. அடுத்த கட்டளையின் முகவரியையும் வேறு சில குறிகளையும் 64 பிட் கொண்ட ‘நிரல் நிலைச் சொல்’ ஒன்றில் அடக்கியது. இடையீடு நேர்ந்தால் பொறியே அதனை நினைவகத்தில் குறித்த இடத்தில் வைக்கும். 16 பொதுப் பதிவகங்களை நிரல் காத்துக்கொள்ளும். சிறிதும் பெரிதுமான பொறிகள் ஒரே அமைப்பினவாதலின் ஒரே குறிப்பு அவற்றிற்குப் பொருந்திற்று.

யூனிக்ஸ் பல்வேறு அமைப்புடைய பொறிகளுக்குப் பரவியபோது அவ்வசதி இல்லாதொழிந்தது. சி மொழியின் ‘செட்ஜம்ப்’, ‘லாங்ஜம்ப்’ என்பன நிலையை மூடிய பெட்டியில் இட்டன. உள்ளே இருப்பதை எவரும் பார்த்தல் வேண்டா என்பது கொள்கை. போசிக்ஸ் நெறி 2001இல் ஏற்ற ‘கெட்கான்டெக்ஸ்ட்’ முதலியன வெளியுறுப்புகளைப் பொதுவாக்கி, உள்ளுறுப்பை அந்தந்தப் பொறிக்கே விட்டன. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் அவையும் நீக்கப்பட்டன.

இடர்ப்பாடு யாது? எக்ஸ்86-64 செயலியில் பொதுப் பதிவகங்கள் 16; 64 பிட் ஆர்ம் செயலியில் 31. ஒரு செயற்கூறு அழைக்கப்படுங்கால், திரும்பும் முகவரியை முன்னது அடுக்கில் வைக்கும். பின்னது 30ஆம் எண் பதிவகத்தில் வைக்கும். ஆகவே எண்ணுக்கு எண் ஒப்பிடுதல் பயன்தராது. பதிவக எண் இடுகுறிப் பெயர் போன்றது. ‘திரும்பும் முகவரி’ என்பதோ காரணப்பெயர். நல்ல நிரல் நூலகம் காரணப்பெயர்களை மட்டும் வெளியே காட்டி, அவற்றை எங்கே தேடுவது என்பதைப் பொறிதோறும் தனியே எழுதி வைக்கும்.

இப்பாடத்தை நம் எழுத்தும் கற்றது. கோலாலம்பூரைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிய காலத்தில் தமிழுக்குப் பொதுக் குறியீடு இல்லை. ஒரே எண் ஓர் எழுத்துருவில் ஓர் எழுத்தாகவும், மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்தாகவும் தோன்றியது. 1991இல் வெளியான யூனிக்கோடு எழுத்தின் வடிவத்தை விடுத்து, எழுத்துக்கே எண் தந்தது. தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரிலேயே கூடிற்று.

பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ ஒரு பள்ளியிடம் பழைய எழுத்துருவில் அமைந்த மலர்களும் பாடக்குறிப்புகளும் இருக்குமாயின், அவ்வெழுத்துருவின் பெயரையும் உடன் குறித்து வைத்தல் நலம். எந்தக் குறியீட்டில் எழுதப்பட்டது என்பது மறந்தால், கோப்பு அழியாதிருந்தும் தமிழ் அழிந்ததற்கு ஒப்பாகும். இழையின் நிலைக்கும் இதுவே விதி: எண்களைக் காத்தல் பாதி, அவற்றின் பொருளைக் காத்தல் மறுபாதி.