சிறிய மோட்டார் வண்டியும் அதன் பெறுமதியும்

1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7ஆந் திகதி பாரிஸ் மாநகரிலுள்ள கிறாண்ட் பலே மண்டபத்திலே மோட்டார்க் கண்காட்சி ஆரம்பமாயிற்று. உலக யுத்தத்தின் வறுமையால் நலிந்திருந்த மக்கள், பளபளப்பான புது வண்டிகளைக் கண்ணாலாயினும் காண்போம் என்று திரண்டு வந்திருந்தனர். அவர்கள் முன்னிலையிற் சிற்றோவன் கம்பெனியார் தங்கள் புது வண்டியின் திரையை அகற்றினர். சாம்பல் நிறம், நெளித்த தகரத்தாலான முன்மூடி, கித்தான் சீலையாலான கூரை, குழாய்ச் சட்டங்களில் இறப்பர் நாடாக்களை இழுத்துக் கட்டிச் சீலை போர்த்த ஆசனங்கள். இயந்திரத்தைக் காண விரும்பியவர்களுக்கு முன்மூடி திறக்கப்படவில்லை. பத்திரிகையாளர் பலர் நகைத்தனர். தகரப்பேணி வெட்டுங் கருவியும் இதனோடு கிடைக்குமோ என்று ஒருவர் வினவியதாகச் சொல்வர்.

நகைப்புக்கிடமான அந்த வண்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உற்பத்தியாயிற்று. அதன் கடைசி வண்டி போர்த்துக்கல் நாட்டு மங்குவால்டே தொழிற்சாலையிலிருந்து 1990ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிவந்தபோது, முப்பத்தெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் மக்கள் கையிற் சேர்ந்திருந்தன. வரிக் கணக்கில் இரண்டு குதிரை வலு என்று வகுக்கப்பட்டமையால் ‘இரு குதிரை’ என்னும் பொருள்படப் பிரெஞ்சு மக்கள் அதனை அழைத்தனர். அலங்காரம் ஏதுமின்றி, பெற்றோல் குறைவாகச் செலவிடும் மலிவான வண்டியொன்று, கொடுத்த பணத்துக்குத் தக்க பயனைத் தருமா என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் இவ்வண்டியின் வரலாற்றிலிருந்து தொடங்குவது நன்று.

1934ஆம் ஆண்டின் இறுதியிற் சிற்றோவன் கம்பெனி கடனில் மூழ்கியது. அதற்கு ரயர் விற்றுப் பெரிதுங் கடன் கொடுத்திருந்த மிஷெலின் குடும்பத்தார் அதனைப் பொறுப்பேற்றனர். அவர்களாற் பொறுப்பில் அமர்த்தப்பட்டோருள் ஒருவர் பியர் பூலாஞ்சே. அக்காலத்துப் பிரான்சின் கிராமத்துக் குடியானவர் சந்தைக்குப் போவதற்குக் குதிரை வண்டியையே நம்பியிருந்தனர். அவர்களுக்கு எத்தகைய வண்டி வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டறியுமாறு பூலாஞ்சே ஆட்களை அனுப்பினார். அதன்பின் தம் பொறியியலாளரிடம் அவர் வைத்த கோரிக்கை பிரசித்தமானது. மரச் செருப்பணிந்த குடியானவர் இருவரும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும். மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகம் போதும். நூறு கிலோமீற்றருக்கு மூன்று லீற்றருக்கு மேற் பெற்றோல் செலவாகக் கூடாது. உழுத வயலின் குறுக்கே ஒரு கூடை முட்டையை வைத்து ஓட்டினும் ஒன்றேனும் உடையலாகாது. பூலாஞ்சே நெடிய உருவினர். தலையிலே தொப்பியுடன் மாதிரி வண்டிக்குள் ஏறி அமர்ந்து, தொப்பி கூரையில் இடித்தால் வேலையைத் திருப்பியனுப்புவார் என்று சொல்லப்படுகிறது.

இக்கோரிக்கையில் விலையைவிட வேலை முந்தி நிற்பது கவனிக்கத் தக்கது. முட்டை உடையக் கூடாது என்பது வேடிக்கையான நிபந்தனை போலத் தோன்றலாம். ஆனால் முட்டை விற்றுச் சீவிக்கும் குடும்பத்துக்கு அதுவே வண்டியின் தலையாய இலக்கணம். அந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றுவதற்காக அந்திரே லெபேவர் என்னும் பொறியியலாளரும் அவர் கூட்டத்தினரும் முன்சில்லையும் பின்சில்லையும் வண்டியின் இரு பக்கங்களிலும் கிடையாக அமைந்த சுருள்வில்களால் ஒன்றோடொன்று இணைத்தனர். முன்சில்லு குழியில் இறங்கினால் அவ்வதிர்ச்சியிற் பங்கெடுத்துப் பின்பக்கமும் தன்னைச் சரிசெய்து கொள்ளும். விலையுயர்ந்த வண்டிகளிலும் அந்நாளிற் காணக் கிடையாத மென்மை இது. சிக்கனம் செய்ய வேண்டிய இடமும் செய்யலாகாத இடமும் எவை என்பதை இவர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

1939ஆம் ஆண்டில் இருநூற்றைம்பது மாதிரி வண்டிகள் செய்யப்பட்டன. செப்டெம்பர் மாதத்தில் யுத்தம் மூண்டது. பிரான்சைக் கைப்பற்றிய ஜேர்மனியர் கையில் அகப்படாதிருக்கும் பொருட்டு அவ்வண்டிகளுட் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன; சில ஒளித்து வைக்கப்பட்டன. லா பெர்ற்றே விடாம் என்னுமிடத்தில் ஒரு களஞ்சியத்தின் பரணிலே கிடந்த மூன்று வண்டிகள் 1994ஆம் ஆண்டளவிலேதான் வெளிச்சத்துக்கு வந்தன.

யுத்தத்தின் பின் விற்பனைக்கு வந்த வண்டியின் இயந்திரம் 375 கன சென்ரிமீற்றர் அளவினது. ஒன்பது குதிரை வலுவே உடையது. வால்ற்றர் பெக்கியா என்பவர் அமைத்த இவ்வியந்திரம் காற்றினாலே குளிர்வது. ஆகவே தண்ணீர்த் தொட்டி இல்லை. தண்ணீர் கொதிப்பதும் இல்லை. மாரிகாலத்தில் உறைந்து வெடிப்பதும் இல்லை. பெற்றோலின் அளவைக் காட்டும் மானிக்குப் பதிலாக ஒரு கோலைத் தொட்டிக்குள் விட்டு எடுத்துப் பார்த்துக் கொள்ள வேண்டும். கண்ணாடி துடைக்கும் கருவி வேகமானியின் கம்பியால் இயங்கியது. வண்டி மெல்லச் சென்றால் அதுவும் மெல்லத் துடைக்கும். நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆசனங்களைக் கழற்றி வெளியே வைத்து அமரலாம். கூரைச் சீலையைச் சுருட்டினால் உயரமான பண்டங்களை ஏற்றலாம். பூலாஞ்சே கேட்ட மூன்று லீற்றர் கைகூடவில்லை. நூறு கிலோமீற்றருக்கு நாலைந்து லீற்றர் செலவாயிற்று. அக்கால வண்டிகளோடு ஒப்பிட அதுவுஞ் சொற்பமே.

இதற்கு மக்கள் கொடுத்த மதிப்பைப் பதிவேடுகள் காட்டின. வண்டிக்குப் பெயர் கொடுத்தவர் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. கிராமத்து வைத்தியர், மருத்துவிச்சி, பாதிரியார், சிறு கமக்காரர் ஆகியோருக்கு முதலுரிமை வழங்கப்பட்டது. காத்திருக்க இயலாதோர் ஓடிய வண்டியைப் புதுவண்டியின் விலைக்கு மேலாகக் கொடுத்து வாங்கினர். நெடுந்தூரம் விரைந்து செல்வோருக்கும் மலைநாட்டிற் பாரமேற்றுவோருக்கும் இவ்வண்டி பொறுமையைச் சோதிப்பதாகவே இருந்திருக்கும். ஒன்பது குதிரைகள் ஏற்றத்தில் என்ன செய்யும்! ஆனால் மூன்று கல் தொலைவிலுள்ள வீட்டுக்கு நள்ளிரவிற் பிள்ளைப்பேறு பார்க்கச் செல்லும் மருத்துவிச்சிக்கு அது வேறெந்த வண்டியினும் மேலானது. பூலாஞ்சே இவ்வெற்றியை நெடுநாட் கண்டாரில்லை. 1950ஆம் ஆண்டு மோட்டார் விபத்தொன்றில் அவர் இறந்தார்.

பூலாஞ்சே குடியானவரிடம் ஆளனுப்பிய அதே காலத்தில், எல்லைக்கு அப்பால் ஜேர்மனியில் இன்னொரு மலிவு வண்டி பேசப்பட்டது. அங்கே விலைதான் முதலிற் பிறந்தது. மக்கள் வண்டியொன்று ஆயிரம் மார்க்குக்குள் அடங்க வேண்டும் என்பது ஹிட்லரின் விருப்பம். 990 மார்க் என்று விலை குறிக்கப்பட்டது. பேர்டினாந்து போர்ஷே அதனை வரைந்தார். 1938ஆம் ஆண்டு மே மாதத்தில் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாற்சி அரசின் தொழிலாளர் முன்னணி ஒரு சேமிப்புத் திட்டத்தைத் தொடக்கியது. வாரந்தோறும் குறைந்தது ஐந்து மார்க் கொடுத்து முத்திரை வாங்கிப் புத்தகத்தில் ஒட்டி வர வேண்டும். 198 முத்திரைகள் சேர ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் செல்லும். செலுத்திய பணத்துக்கு வட்டியும் கிடையாது.

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் முத்திரை ஒட்டினர். அவர்களுள் ஒருவருக்கேனும் அத்திட்டத்தின் கீழ் வண்டி கிடைக்கவில்லை. தொழிற்சாலை யுத்தத் தளவாடங்களைச் செய்தது. வங்கியிற் கிடந்த சேமிப்புப் பணம் பேர்லின் வீழ்ந்தபோது சோவியத்துப் படையினரிடம் சென்றது. யுத்தத்தின் பின்னர் அதே தொழிற்சாலையிலிருந்து அதே வண்டி வொல்க்ஸ்வாகன் என்னும் பெயரில் ஆயிரக்கணக்காக வெளிவரத் தொடங்கியபோது, முத்திரைப் புத்தகத்தைப் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தவர்கள் நீதிமன்றம் ஏறினர். வழக்கு நீண்டு 1961ஆம் ஆண்டில் இணக்கத்தில் முடிந்தது. முழுப் பணமுஞ் செலுத்தியவர்க்குப் புது வண்டியின் விலையில் 600 மார்க் கழிவு, அல்லது கையில் 100 மார்க். இருபது ஆண்டுகளுக்கு மேற் காத்திருந்ததற்குக் கிடைத்த பலன் அதுவே. வண்டியிற் குறைவில்லை, 2003ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் அதன் உற்பத்தி நின்றபோது இரண்டு கோடிப் பதினைந்து இலட்சத்தை எட்டியிருந்தது. குறை, வண்டி பிறக்குமுன் அதன் விலையைப் பறைசாற்றிப் பணம் வாங்கிய முறையில் இருந்தது.

விலை தவறாக வகுக்கப்படுவதால் எப்போதும் வாங்குபவரே இழப்பர் என்று கொள்வதற்கும் இல்லை. 1956ஆம் ஆண்டு சுயஸ் கால்வாய் நெருக்கடியால் எண்ணெய் வரத்துக் குன்றி, இங்கிலாந்திற் பெற்றோல் பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. பெற்றோலைச் சிக்கனப்படுத்தும் சிறு வண்டி ஒன்று வேண்டுமென அலெக் இசிகோனிஸ் என்னும் நிபுணர் பணிக்கப்பட்டார். இயந்திரத்தைக் குறுக்காகக் கிடத்தி, பத்தடி நீளத்துள் நால்வருக்கு இடம் அமைத்தார் அவர். 1959ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் வந்த அந்த மினி வண்டியின் விலை வரியும் உட்பட 496 பவுண் 19 சிலிங் 2 பென்ஸ். போட்டிக் கம்பெனியான போர்ட் ஒரு வண்டியை வாங்கி ஆணி ஆணியாகக் கழற்றிக் கணக்குப் பார்த்து, வண்டியொன்றுக்கு முப்பது பவுண் நட்டம் வரும் என்ற முடிவுக்கு வந்ததாம். முதலில் வந்த வண்டிகளில் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து காலை நனைத்தது. இருப்பினும், செய்தவர் நட்டப்பட வாங்கியவர் ஆதாயம் பெற்றார் எனலாம்.

அரை நூற்றாண்டு கழித்து இந்தியாவில் இவ்வினா மீண்டும் எழுந்தது. மழையிலே ஒரே ஸ்கூட்டரிற் குடும்பமாக நனைந்து செல்வோரைக் கண்டே ரத்தன் டாட்டா மலிவு வண்டியைப் பற்றிச் சிந்தித்தார். 2008ஆம் ஆண்டு சனவரியில் டெல்லிக் கண்காட்சியில் நானோ வண்டி காட்டப்பட்டது. விலை ஒரு இலட்சம் ரூபாய் என்னும் வாக்கு உலகெங்கும் பேசப்பட்டது. மேற்கு வங்காளத்துச் சிங்கூரில் நிலம் பற்றிய கிளர்ச்சியால் தொழிற்சாலை குஜராத்திலுள்ள சானந்துக்குப் பெயர்ந்தது. ஒரு துடைப்பான், சில்லொன்றுக்கு மூன்று ஆணி, திறக்க முடியாத பின்பக்கம் எனச் சிக்கனம் கடுமையாக நடைபெற்றது. 2011ஆம் ஆண்டில் இலங்கைக்கும் இவ்வண்டி வந்து, கொழும்புத் தெருக்களில் வாடகை வண்டியாக ஓடியது.

மழைக்கு ஒதுங்க இடமளித்தது உண்மை. ஆயினும் சில வண்டிகள் தீப்பற்றிய செய்தி பரவியது. 2014ஆம் ஆண்டில் நடந்த மோதற் பரிசோதனையில் வளர்ந்தோர் பாதுகாப்புக்கு அதற்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. அன்றியும், உலகிலே மிக மலிவான வண்டி என்னும் பெயரே அதற்குப் பகையாயிற்று. வாழ்நாளில் முதன்முதல் வண்டி வாங்கும் ஒருவர், அயலார் முன் அப்பெயரோடு வந்து நிற்க விரும்புவாரா? அவ்வாறு விளம்பரமானது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னர் ஒப்புக்கொண்டார். 2018ஆம் ஆண்டளவில் உற்பத்தி நின்றது. ஸ்கூட்டரினும் நானோ பாதுகாப்பானது என்று வாதிப்பாரும் உளர். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் முட்டைக்குக் காட்டப்பட்ட கரிசனை மனிதருக்கும் காட்டப்பட்டிருக்கலாம்.

நானோ வெளிவருவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, சிறு வண்டியின் பெறுமதி எவருந் திட்டமிடாத ஒரு பரீட்சைக்கு யாழ்ப்பாணத்தில் உட்பட்டது. ஐம்பதுகளில் இலங்கைக்கு வந்த ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய வண்டிகள், அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தமையால் மாற்று வண்டியின்றித் திருத்தித் திருத்தி ஓட்டப்பட்டன. 1977இற் கட்டுப்பாடு தளர்ந்து யப்பானிய வண்டிகள் பெருகிய பின்னரும் குடாநாட்டில் அவை வாடகைக்கு ஓடின. 1990இல் யுத்தம் மீண்டும் மூள, பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது தடைப்பட்டது. கள்ளமாக வந்த சிறு போத்தற் பெற்றோல் எளிய மனிதர் நினைத்துப் பார்க்க முடியாத விலைக்கு விற்றது.

அப்போது இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புதிய வண்டிகளின் இயந்திரங்கள் கலவையை மிகுதியாக அமுக்குவன. தாழ்ந்த எரிபொருளை இட்டால் இடித்துத் தட்டிப் பழுதாகும். பழைய ஒஸ்ரினும் மொறிசும் குறைவாக அமுக்குவன. தாழ்ந்த தரப் பெற்றோலுக்கென இங்கிலாந்தில் அவ்வாறு அமைத்தவர்கள் யாழ்ப்பாணத்தைக் கனவிலுங் கருதியிரார். கரும்புகை கண்ணை எரித்தது. எரியாத மண்ணெண்ணெய் உள்ளே வடிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தமையால் அதனை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. தேய்ந்த உறுப்புகளைப் பட்டறைகளிற் கடைந்து பொருத்த வேண்டியிருந்தது. இவ்வளவு தொல்லைக்கிடையிலும் நோயாளர் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தனர். மணமக்கள் ஊர்வலம் வந்தனர்.

அவ்வண்டிகளை முதன்முதல் வாங்கியவர்கள் கொடுத்த விலை அதற்குள் மறந்து போயிருந்தது. 2002ஆம் ஆண்டு ஏ 9 வீதி திறக்கப்பட்டுப் புது வண்டிகளும் பெற்றோலும் தாராளமாக வந்தன. அதன் பின்னரும் யாழ்ப்பாண நகரத்து வாடகை வண்டித் தரிப்பிடத்தில் ஒஸ்ரின்கள் வரிசையாக நின்றன.