ஒரு கைத் துப்பாக்கியின் கதை

தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி என்று பெயர். ஆனால் முதல் தோட்டாவை அது தானே ஏற்றிக்கொள்வதில்லை, நேயர்களே. ஒரு கை பிடியைப் பற்ற, மறு கை மேலுள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். விரலில் வலுவற்றோரும் போரில் ஒரு கை இழந்தோரும் என் செய்வர்?

இவ்விறுக்கம் செய்தவர் குற்றமன்று. ஜான் பிரவுனிங் அமைத்து, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட 1900-ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கியில், வெடிக்கும் கணத்தில் குழலின் பின்வாயை அடைத்து நிற்பவை ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் அழுத்தமுமே. வில்லைத் தளர்த்தினால் ஸ்லைடு மிகு வேகத்துடன் பின்னோடும்.

ஆஸ்திரியாவின் ஸ்டையர் தொழிற்சாலையார், லியேஜ் நகரத்துப் பீப்பரின் காப்புரிமையைக் கொண்டு, குழலின் பின்முனை மேலெழுந்து திறக்கும் 1909-ஆம் ஆண்டு வகையைச் செய்தனர். தோட்டாவை விரலால் வைத்து மூடிவிடலாம், இழுப்பே வேண்டா.

விட்டோல்ட் ஹிலெவ்ஸ்கியின் வழி வேறு. விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் முன்பாகத்தை நகரும்படி அமைத்தார். பிடித்த கையின் சுட்டுவிரல் அதைப் பின்னிழுக்க, ஸ்லைடும் உடன் வந்தது. 1920-களில் ஜெர்மனியின் லிக்னோஸ் நிறுவனம் இதை ‘ஐன்ஹாண்ட்’, அதாவது ‘ஒரு கை’ என்றே பெயரிட்டு விற்றது. அழகிய யுக்திதான், ஆயினும் 6.35 மில்லிமீட்டர் சிறு தோட்டாவோடு நின்றுவிட்டது. ஒரு விரல் எவ்வளவுதான் இழுக்கும்!

1950-களில் இத்தாலியின் பெரெட்டா, திறக்கும் குழலை மீண்டும் கையாண்டது. 2018-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன், எளிதில் இழுபடும் ஸ்லைடுடைய ‘ஈஸி’ வகையை வெளியிட்டது. அதில் வெடிக்கும் கணத்தில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்வதால் மெல்லிய வில்லே போதும். அமெரிக்கப் படை 1911-இல் ஏற்ற கோல்ட் துப்பாக்கியிலேயே பிரவுனிங் இத்தகைய பூட்டை அமைத்திருந்தார். அது பெருந்தோட்டாவுக்காக, மெலிந்த கைக்காக அன்று.