அரம் ஏறாத ரம்பம்

வீட்டில் அவசியம் இருக்க வேண்டிய கருவி எது என்று நம் மன்றத்தில் கேட்டேன். சுத்தியல், ஸ்குரூடிரைவர் என்று பதில்கள் குவிந்தன. ரம்பம் என்றவர் ஒரே ஒரு பெரியவர். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: "எங்க அப்பா தன் ரம்பத்தை அரத்தால் தீட்டித் தீட்டி நாற்பது வருஷம் ஓட்டினார். நான் வாங்கியதில் அரமே ஏறவில்லையே, ஏன்?" மேடையில் நான் விழித்தேன். பிறகு தேடிப் படித்ததைத்தான் இன்று சொல்கிறேன்.

பழைய எகிப்தியர்களின் ரம்பம் செம்பு. தள்ளினால் வளைந்துவிடும் என்பதால் இழுத்தே அறுத்தார்கள். ஜப்பானியத் தச்சர்கள் மெல்லிய எஃகுத் தகட்டை இன்றும் இழுத்துத்தான் அறுக்கிறார்கள். பற்களை இடம் வலமாக மாற்றி மாற்றி மடிப்பதை ரோமானியர்கள் அறிந்திருந்தார்கள். வெட்டு சற்று அகலமாக விழுவதால் தகடு சிக்காது. (நாம் அன்றாடம் கேட்கும் 'கெர்காஜி' என்ற மலாய்ச் சொல்கூட சமஸ்கிருதத்தின் 'க்ரகச'விலிருந்து வந்ததுதான்!)

இனி ஒரு சிறுவனின் கதை. 1819இல் இங்கிலாந்தில் பிறந்த ஹென்றி டிஸ்டன், 1833இல் தந்தையோடு அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குக் கப்பலேறினான். வந்திறங்கிய மூன்றாம் நாள் தந்தை இறந்துபோனார். பதினான்கு வயதில் ரம்பப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். முதலாளிகள் நொடித்துப்போக, சம்பளப் பாக்கிக்கு ஈடாகக் கருவிகளே கைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு 1840இல் சொந்தப் பட்டறை தொடங்கினார். அன்று நல்ல எஃகு என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுதான். டிஸ்டனோ 1855இல் தமக்கென உருக்கு உலையே அமைத்துக்கொண்டார். முதுகுப்பக்கம் உள்வளைந்த, எடை குறைந்த டி-8 ரம்பம் 1874இல் வந்தது. நம் தாத்தாக்கள் காலத்துக் கைரம்பங்கள் பலவற்றில் இந்த வடிவத்தின் சாயலைக் காணலாம். அந்தக் குடும்ப நிறுவனம் 1955இல் கைமாறியது.

சரி, அரம் ஏன் ஏறவில்லை? இன்று கடைகளில் தொங்கும் மலிவு ரம்பங்கள் பலவற்றின் பல் நுனியை மட்டும் மின்சாரத்தால் நொடியில் சூடேற்றிக் கெட்டியாக்கிவிடுகிறார்கள். நுனி நீலம் பாய்ந்து கறுத்திருக்கும். நெடுநாள் கூர் மங்காது, மங்கினால் குப்பைதான். தொழிற்சாலைக்கு லாபம்; தீட்டத் தெரிந்த கைகளுக்குத்தான் வேலை போயிற்று. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு பலகை அறுப்பவருக்கு இதுவே போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாங்கும்போது பல்லைப் பாருங்கள். மரத்தை நீளவாக்கில் பிளக்க உளிபோன்ற பற்கள், அங்குலத்துக்கு ஐந்தாறு. குறுக்கே அறுக்கக் கத்தி முனைபோன்ற பற்கள், ஏழெட்டு. ஒரே ஒன்று என்றால் இரண்டாவதை எடுங்கள். கோட்டின் மேல் வைத்து, முதலில் மெல்லப் பின்னால் இழுத்துத் தடம் போடுங்கள். பிறகு ஏறத்தாழ 45 பாகை சாய்வில் நீளமாகத் தள்ளுங்கள். அழுத்தவே வேண்டாம், கூர்மையான ரம்பம் தன் எடையாலேயே இறங்கும்.

பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னேன். அப்பாவின் ரம்பம் இன்னும் பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறதாம். முக்கோண அரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.