காற்றாலை ஆடுவது காற்றால் மட்டுமா? கொல்கத்தா களிமண் முதல் கோவில்பட்டி கரிசல் வரை

2019 ஆகஸ்ட் 31. கொல்கத்தா பவ்பஜாரில் மெட்ரோ சுரங்கம் தோண்டிய இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் போய் இடித்தது. மண் சரிய, மேலே இருந்த வீடுகளில் விரிசல் விழுந்தது. சில வீடுகள் இடிந்தே போயின.

கங்கை டெல்டாவின் இளம் மண் அது. நகரின் பல பகுதிகளில், மக்கிய மரத்துண்டுகள் கலந்த மென்களிமண் பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. தெற்கே ஃப்ரேசர்கஞ்ச் கடற்கரையில் சிறிய காற்றாலைகளை நிறுவியதும் இதே டெல்டாவில்தான். சரி, இப்படிப்பட்ட மண்ணில் 100 மீட்டர் கோபுரம் நின்றால் என்ன ஆகும்?

ஊஞ்சல் கணக்கு

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால், லேசாகத் தள்ளினாலே உயரப் போகும். காற்றாலைக் கோபுரத்துக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. அதுதான் இயல் அதிர்வெண்.

இறக்கைகள் நிமிடத்துக்கு 12 முறை சுற்றினால், அது 0.2 ஹெர்ட்ஸ். மூன்று இறக்கைகளும் மாறி மாறிக் கோபுரத்தைக் கடப்பதால் 0.6 ஹெர்ட்ஸில் இன்னொரு தட்டு விழும். கோபுரத்தின் தாளம் இந்த இரண்டோடும் ஒத்துப்போகக் கூடாது. ஒத்துப்போனால் ஒத்ததிர்வு, ஆட்டம் பெருகும், எஃகு சீக்கிரம் களைத்துவிடும். அதனால்தான் பொறியாளர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் கோபுரத்தை வடிவமைக்கிறார்கள்.

மண் எங்கே வருகிறது?

அடித்தளம் துளி சாய்ந்தாலும் உச்சியில் அது பெரிதாகும். 20 மீட்டர் அகல அடித்தளத்தின் ஒரு ஓரம் 1 செ.மீ. எழுந்தால், 100 மீட்டர் உயரத்தில் 5 செ.மீ. நகர்வு.

மண் இளகினால் மொத்த அமைப்பின் விறைப்பு குறையும், தாளமும் இறங்கும். விறைப்பு 20% குறைந்தால் அதிர்வெண் சுமார் 10% குறையும். பாதுகாப்பு இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கிவிடும்.

இது ஒருநாள் கூத்தும் இல்லை. 0.3 ஹெர்ட்ஸில் 20 ஆண்டுகள் இடைவிடாமல் ஆடினால் சுமார் 19 கோடி ஆட்டங்கள். மீண்டும் மீண்டும் அழுத்தம் வாங்கும் மென்களிமண் மெல்ல மெல்ல வலு இழக்கலாம். ஆனால் மண் எப்போதும் வில்லன் இல்லை. அதிர்வில் ஒரு பகுதியை அதுவே உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது.

தமிழ்நாட்டுக்கு என்ன?

கோவில்பட்டி வட்டாரக் கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதனால் அடித்தளத்தை அந்த அடுக்குக்குக் கீழே உறுதியான நிலம் வரை கொண்டுபோக வேண்டும். மென்களிமண் ஆழமாக இருந்தால் பைல் அடித்தளம்தான் வழி.

1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் நிறுவியவை 55 கிலோவாட் இயந்திரங்கள். இன்று ஒரே காற்றாலை 2 மெகாவாட்டைத் தாண்டுகிறது, அதாவது 36 மடங்குக்கும் மேல். பழையவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவ 2024-ல் தமிழ்நாடு தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

இடம் பழையதுதான், காற்றும் அதே காற்றுதான். ஆனால் அன்று குட்டி இயந்திரத்துக்காக எடுத்த மண் பரிசோதனை இன்றைய கோபுரத்துக்குப் போதாது. ஒவ்வொரு கோபுரத்தின் கீழும் துளையிட்டு, மண்ணை மறுபடி சோதித்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், பின்னாளில் அதிர்வாக வட்டியோடு கட்ட வேண்டிவரும்.