ஈயக் குட்டையில் சீழ்க்கையடிக்கும் வாத்து: பறக்கடிக்காமல் படமெடுப்பது எப்படி?

பேராக்கின் கம்பார் வட்டாரத்தில், ஈயம் தோண்டி முடித்துக் கைவிடப்பட்ட குட்டைகள் இன்றும் ஏராளம். சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள். சிலவற்றின் கரையில் வாத்துப் பண்ணைகள் இருக்கின்றன. மற்றவை தாமரையும் கோரையும் மண்டிச் சும்மா கிடக்கின்றன. அப்படிச் சும்மா கிடக்கும் குட்டைகளைத் தேடித்தான் பறவைப் படம் எடுப்போர் நீண்ட லென்ஸுடன் மாலிம் நாவார் பக்கம் போகிறார்கள். அவர்கள் தேடிப் போகும் பறவைகளில் ஒன்று காட்டு வாத்து.

நம் நாட்டில் காட்டு வாத்து என்றால் பெரும்பாலும் ஒரே இனம்தான். மலாயில் பெலிபிஸ் என்பார்கள். தமிழில் அதற்குச் சீழ்க்கைச் சிறகி என்று அழகான பெயர் உண்டு. தமிழ்நாட்டு ஏரிகளில் இருப்பதும் இதே பறவைதான். நம் தோட்டங்களில் பலருக்கு அது வெறும் 'காட்டு வாத்து'. சிறகி என்ற சொல்லும் புழக்கத்திற்கு வந்தால் நல்லது.

இதன் நீளம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், எடை அரை கிலோ அளவு. பண்ணை வாத்தைவிடச் சிறியது. உடல் செம்பழுப்பு, கழுத்தும் தலையும் வெளிர் பழுப்பு, உச்சந்தலை மட்டும் சற்றுக் கருமை. கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் இருக்கும். நல்ல படத்தில் அது தெரிய வேண்டும். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். இது 'குவாக்' என்று கத்தாது. இரண்டு அசைகளில் மெல்லச் சீழ்க்கையடிக்கும். பறக்கும்போது கழுத்து சற்றே தொங்கி, கால்கள் வாலுக்குப் பின்னால் நீண்டிருக்கும். மரத்திலும் உட்காரும், மரப்பொந்தில் முட்டையும் இடும். வாத்து மரத்தில் ஏறுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு படம் காட்டினால் போதும்.

சிங்கப்பூரில் இதோடு குழப்பிக்கொள்ளும்படி இன்னொரு சீழ்க்கை வாத்தும் இருக்கிறது. அது சற்றுப் பெரியது. விலாவில் வெள்ளை வரிகள் எடுப்பாகத் தெரியும், மார்பில் கரும்புள்ளிகள் இருக்கும். அது அங்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிய இனம். தாவரவியல் பூங்காவின் ஏரிகளில் இரண்டையுமே காணலாம். படத்துக்குப் பெயர் எழுதும்முன் விலாவைப் பார்ப்பது நல்லது.

வலசை வரும் வாத்துகளில் ஓரளவு எதிர்பார்க்கக்கூடியது நீலச்சிறகி. அக்டோபர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வந்து தங்கும். ஆணுக்குக் கண்ணின்மேல் அகலமான வெள்ளைப் புருவம் உண்டு என்று புத்தகத்தில் படித்துவிட்டு அக்டோபரில் போனால் ஏமாற்றமே. வந்த புதிதில் ஆணும் பெண்ணைப் போலவே மங்கலாக இருக்கும். ஆண்டுத் தொடக்கத்துக்குப் பிறகுதான் புருவம் துலங்கும். குள்ளத்தாரா எனப்படும் மிகச் சிறிய வாத்து தீபகற்பத்தில் அரிது. அதைப் பார்த்தவர் அந்த வாரம் முழுக்க அதையே பேசுவார்.

எங்கே போகலாம்? தைப்பிங் ஏரிப் பூங்காவே பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 1880-இல் உருவாக்கப்பட்டதுதான். சிலாங்கூரில் டெங்கிலுக்கு அருகே உள்ள பாயா இண்டா சதுப்பு நிலமும் ஈயமும் மணலும் எடுத்த இடம். புத்ராஜெயாவில் மனிதர் கட்டிய சதுப்பு நிலம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1970-களில் ஆற்று முகத்துவாரத்தை அடைத்துக் கிராஞ்சி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அதன் ஓரத்தில் உருவான சதுப்பு நிலம் 2016-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் உட்பகுதிக்கு வழிகாட்டியுடன் மட்டுமே போக முடியும் என்பதாலேயே பறவைகள் அங்கே நிம்மதியாக இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை மனிதன் தோண்டியோ அடைத்தோ உண்டாக்கிய நீர்நிலைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாத்துக்கு அந்த வரலாறு தேவையில்லை. ஆழம் குறைந்த ஓரமும், மறைவதற்குச் செடியும், தொந்தரவு இல்லாத பகலும் கிடைத்தால் அது தங்கிவிடும்.

பகல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீழ்க்கைச் சிறகி பெரும்பாலும் இரவில் இரை தேடும். இருட்டும் நேரத்தில் கூட்டமாக எழும்பி நெல் வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் போகும், விடியலில் குட்டைக்குத் திரும்பும். நாம் படமெடுக்கப் போகும் காலை எட்டு மணி அதற்குத் தூங்கும் நேரம். அப்போது அதைக் கிளப்பிவிடுவது, இரவு வேலை முடித்து வந்து படுத்தவரின் கதவைத் தட்டுவது போலத்தான். பறக்கும் படத்துக்கு ஆசைப்பட்டுக் கைதட்டுவோரும் கல்லெறிவோரும் இன்னும் இருக்கிறார்கள். பறக்கும் படம் வேண்டுமானால் மாலை ஆறரை மணிக்குமேல் கரையில் காத்திருந்தால் போதும். அவை தாமாகவே கிளம்பும்.

நம் ஊரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. ஏழே காலிலிருந்து ஒன்பது வரை நல்ல வெளிச்சம். அதற்குமேல் நீர்ப்பரப்பில் வெப்பம் அலையாக எழும்பும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் படம் கலங்கிப்போகும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லென்ஸ் 400 மில்லிமீட்டராவது இருந்தால் வசதி. அதை வாங்க முடியாதவர்கள், லென்ஸ் மாற்றத் தேவையில்லாத நெடுஞ்சூம் கேமராவில் தொடங்கலாம். நல்ல வெளிச்சத்தில் அதிலும் குறை சொல்ல முடியாத படம் வரும். மிதக்கும் வாத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 போதும், பறப்பதற்கு 1/2000 வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓவை 1600-க்கு உயர்த்தத் தயங்க வேண்டாம். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுவதைப் பொறுக்கலாம், கண் மங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. வானம் பிரதிபலிக்கும் வெளிறிய நீரில் வாத்து கரிய நிழலாக விழும். அப்போது வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும். மரநிழல் படிந்த கரிய நீரில் நேர்மாறாகக் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் படத்தை மாற்றுவது உயரம். நின்றபடி எடுத்தால் முதுகும் தண்ணீரும்தான் கிடைக்கும். கரையில் உட்கார்ந்து, முடிந்தால் படுத்து, வாத்தின் கண்மட்டத்துக்கு லென்ஸை இறக்கினால் பின்னணி மங்கிப் பறவை தனித்து எழும். முக்காலி இல்லாவிட்டால் துணிப்பையில் பச்சைப்பயறு நிரப்பி அதன்மேல் லென்ஸை வைக்கலாம். மண்சாலை ஓரக் குட்டையாக இருந்தால் காரைவிட்டு இறங்காமல் இருப்பதே மேல். இன்ஜினை அணைத்துவிட்டுச் சன்னலில் அந்தப் பையை வைத்துக் காத்திருக்கலாம். நின்றுபோன காரை வாத்துகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கதவு திறந்து மனித உருவம் தெரிந்தால்தான் கலவரம்.

ஈயக் குட்டைக் கரையில் ஓர் எச்சரிக்கை அவசியம். அது ஆற்றங்கரைபோல் சரிந்து இறங்காது. இரண்டடியில் தரை இல்லாமல் போகும், கரை மணலும் சரியும். படத்துக்காக நீரில் இறங்கவே கூடாது. தனியாகப் போகிறவர்கள் எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. பிற்பகல் இடிமழைக்கு முன் திறந்தவெளியிலிருந்து வெளியேறிவிட வேண்டும்.

எவ்வளவு அருகில் போகலாம் என்பதற்கு மீட்டர் கணக்கு இல்லை. வாத்தே சொல்லும். அதுவரை சுருண்டிருந்த கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தால் நம்மைக் கவனித்துவிட்டன என்று பொருள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பி, சீழ்க்கை கூடி, கூட்டம் மெல்ல நகரத் தொடங்கினால் நாம் ஏற்கெனவே அதிக தூரம் வந்துவிட்டோம். பின்வாங்க வேண்டும். குஞ்சுகளோடு இருக்கும் வாத்தை நெருங்குவது இன்னும் மோசம். தாய் விலகினால் குஞ்சுகள் சிதறும். உடும்பும் தோமான் மீனும் காத்திருக்கும் குட்டை அது. கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடவே கூடாது. பத்துப் பேர் லைக் போடுவார்கள், இருபது பேர் நேரில் போய் நிற்பார்கள்.

ரொட்டி போட்டு வாத்தை வரவழைப்பதும் வேண்டாம். சிங்கப்பூரில் வனவிலங்குகளுக்குத் தீனி போடுவது 2020 முதல் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். ட்ரோனைக் கூட்டத்தின்மேல் விடுவதும் அப்படித்தான். மேலிருந்து இறங்கும் எதுவும் வாத்துக்குப் பருந்துதான்.

இத்தனை பொறுமை எதற்கு, எப்போதும் காணக்கூடிய பறவைதானே என்று கேட்கலாம். மாலிம் நாவார் போன்ற இடங்களில் உள்ள குட்டைகள் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட நிலமல்ல. நாளை மண் நிரப்பி வீடு கட்டினால், அங்கே என்ன வாழ்ந்தது என்று காட்டுவதற்குக் கடைசியில் மிஞ்சுவது யாரோ ஒருவரின் படமும் அதில் உள்ள தேதியும்தான். அதனால் அழகான ஒரு படத்தோடு, கூட்டம் முழுவதும் தெரியும் அகலமான படம் ஒன்றையும் எடுத்துவைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் பெரிதாக்கி எண்ணலாம். இடம், தேதி, எண்ணிக்கை மூன்றையும் ஈபேர்ட் செயலியில் பதிவு செய்தால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. மலேசிய இயற்கைச் சங்கம் அதில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. தோட்டத்துக் குட்டையில் ஆண்டு முழுக்க வாத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே புதியவர்களாக இருக்க மாட்டார்கள்.