கிடங்கின் நெற்றியில் ஓர் ஆண்டு

முதன்முதலாக ஜப்பானிய ப்ராஜெக்ட் ஒன்றில் சேர்ந்தபோது எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கிய உடனே பாக்கெட்டில் திணிக்கக் கூடாது. மீட்டிங்கில் புதிதாக எதையும் போட்டு உடைக்கக் கூடாது. முன்னாடியே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். இதற்குப் பெயர் நெமாவாஷி. மரத்தை வேறிடத்தில் நடுவதற்கு முன் வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பக்குவப்படுத்தும் தோட்டவேலையிலிருந்து வந்த சொல். “யோசிக்கிறோம்” என்று சொன்னால் பெரும்பாலும் “முடியாது” என்று பொருள். கடைசி ஸ்லைடு: உள்ளூர்ப் பண்பாட்டை மதியுங்கள்.

பக்கத்தில் இருந்த நண்பன் காதோரம் கேட்டான். “நம்மளப் பத்தி அவங்களுக்கு இந்த மாதிரி ஒரு ஸ்லைடு இருக்குமாடா?”

அப்போது சிரித்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. பல வருடம் கழித்து, அந்நிய நிறுவனங்கள் ஜப்பானோடு ஒத்துப்போன கதையைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனபோது 1640-இல் போய் நின்றேன்.

ஜப்பானின் மேற்கு ஓரத்தில் ஹிராடோ என்று ஒரு தீவு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1609-இல் அங்கே கடை விரித்தது. நான்கு வருடம் கழித்து ஆங்கிலேயக் கம்பெனியும் வந்தது. ஆங்கிலேயர்கள் கொண்டுவந்தது தங்கள் நாட்டுக் கம்பளித் துணி. அது அங்கே சரியாக விலைபோகவில்லை. 1623-இல் மூட்டையைக் கட்டினார்கள். டச்சுக்காரர்கள் ஜப்பானியர்கள் கேட்டதை வேறு எங்கிருந்தாவது பிடித்துவந்து கொடுத்தார்கள்: சீனப் பட்டு, தென்கிழக்காசிய மான்தோல், பிறகு சர்க்கரை. தன் சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தவன் தோற்றான், வாங்குபவனைக் கவனித்தவன் ஜெயித்தான். எங்கள் பயிற்சியில் சொல்லியிருந்தால் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

1637-இல் ஷிமாபராவில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். வரிக்கொடுமையும் மத ஒடுக்குமுறையும்தான் காரணம். பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள். ஹாரா கோட்டைக்குள் அவர்கள் முற்றுகையிடப்பட்டிருந்தபோது ஷோகுனின் ஆட்கள் டச்சுக்காரர்களிடம் உதவி கேட்டார்கள். 1638-இன் தொடக்கத்தில் ஒரு டச்சுக் கப்பல் அந்தக் கோட்டைமேல் குண்டு வீசியது. கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களைச் சுட்டார்கள். வாடிக்கையாளர் கேட்டார், செய்தோம். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் போர்த்துக்கீசியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1640-இல் மறுபடி வணிகம் கேட்டு மக்காவிலிருந்து ஒரு தூதுக்குழு வந்தது. அதில் 61 பேரின் தலை நாகசாகியில் வெட்டப்பட்டது. சேதி சொல்ல மட்டும் சிலரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதே வருடம் நவம்பரில் ஷோகுனின் அதிகாரி இனோவே மாசாஷிகே ஹிராடோவுக்கு வந்தார். டச்சுக்காரர்கள் அங்கே புதிதாகக் கட்டியிருந்த கல் கிடங்கின் நெற்றியில் 1639 என்று பொறித்திருந்தார்கள். கிறிஸ்து பிறப்பைக் கணக்கு வைத்த ஆண்டு. எனவே கிடங்கை இடி என்றார்.

எதிரே இருந்தவர் பிரான்சுவா காரோன். 1619-இல் சமையல் உதவியாளாக வந்து இறங்கியவர். ஜப்பானிய மொழி நன்றாகத் தெரியும், மனைவியும் ஜப்பானியப் பெண். ஏன் என்று கேட்கவில்லை, அவகாசமும் கேட்கவில்லை. உடனே செய்கிறோம் என்று இடிக்க ஆரம்பித்துவிட்டார். மறுத்திருந்தால் அங்கேயே வெட்டிப்போட உத்தரவு இருந்ததாக டச்சுக்காரர்கள் பின்னால் கேள்விப்பட்டார்கள்.

இதைப் படித்தபோது காரோன்மேல் எனக்கு மரியாதை வந்தது. எதிராளியின் முகத்தைப் படிக்கத் தெரிந்த மனிதர். எங்கள் பயிற்சியாளர் அவரை ஸ்லைடில் போட்டிருப்பார். ஆனால் இந்தத் திறமை இனோவேயின் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். கம்பெனியின் தலைவர் யாரும் இனி ஒரு வருடத்துக்கு மேல் தங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இன்னொரு காரோன் உருவாகவே கூடாது.

1641-இல் டச்சுக்காரர்களை நாகசாகித் துறைமுகத்தில் இருந்த தெஜிமாவுக்கு மாற்றினார்கள். போர்த்துக்கீசியர்களுக்காக மண் கொட்டி உருவாக்கிய விசிறி வடிவச் செயற்கைத் தீவு. நீளம் சுமார் 120 மீட்டர், அகலம் 75. ஊரோடு சேர்க்க ஒரே ஒரு பாலம், அதில் காவல். வெளிப்படையாக ஞாயிறு வழிபாடு கிடையாது. மனைவியைக் கூட்டிவரக் கூடாது. கம்பெனித் தலைவர் வருடாவருடம் எடோ வரை போய் ஷோகுன் முன்னால் தரையில் தலை பணிந்துவிட்டு வர வேண்டும். 1691-இல் அப்படிப் போன ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பர்ட் கெம்ப்ஃபர் அதை விரிவாக எழுதியிருக்கிறார்: திரைக்குப் பின்னாலிருந்து ஷோகுன் வேடிக்கை பார்க்க, அவர்கள் நடந்தும் குதித்தும் ஆடியும் பாடியும் குடிகாரனைப்போல நடித்தும் காட்ட வேண்டியிருந்தது.

அப்போது மொழியும் அறிவும் யாரிடம் இருந்தன? மொழிபெயர்ப்பாளர்களிடம். பரம்பரை பரம்பரையாக அந்த வேலையைப் பார்த்த நாகசாகிக் குடும்பங்கள், எல்லோரும் ஷோகுனின் ஆட்கள். டச்சுக்காரர்கள் ஜப்பானிய மொழி கற்பதை அரசு விரும்பவில்லை. ஜப்பானியர்கள் டச்சு கற்றார்கள். 1774-இல் சுகிதா கென்பாகுவும் நண்பர்களும் ஒரு டச்சு உடற்கூறு நூலை ஜப்பானில் வெளியிடும் அளவுக்கு அது வளர்ந்தது. ஒத்துப்போனவன் வந்தவன்தான் என்றாலும், கற்றுக்கொண்டவன் வீட்டுக்காரன்.

இதே கம்பெனி மற்ற இடங்களில் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்த பிறகுதான் நண்பனின் கேள்வி புரிந்தது. 1621-இல் ஜாதிக்காய்க்காக பண்டா தீவுகளின் மக்களில் பெரும்பகுதியைக் கொன்றும் பட்டினி போட்டும் அடிமையாக்கியும் ஒழித்தது. அங்கே 44 ஊர்ப்பெரியவர்களை வெட்டியவர்கள், கம்பெனி கூலிக்கு வைத்திருந்த ஜப்பானிய வீரர்கள்.

நம் பழவேற்காட்டில் 1610-இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வெங்கடரிடம் அனுமதி வாங்கித்தான் வந்தது. மூன்றே வருடத்தில் பீரங்கியோடு கோட்டை எழும்பியது. அங்கிருந்து துணி போனது, அடிமைகளாக மனிதர்களும் போனார்கள். அந்தத் துணியில் ஒரு பங்கு ஜப்பானுக்கும் போனது. சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட பருத்தித் துணிக்கு எடோக் காலத்தில் ‘சாந்தோமே’ என்று பெயர். மயிலாப்பூர்ப் பக்கத்துச் சாந்தோம்தான் அது. எதிர்த்திசையில் ஜப்பானியச் செம்பும் பொன்னும் இங்கே வந்து துணிக்கு விலையாயின. தெஜிமாவில் குனிந்த அதே கம்பெனியின் லாபக்கணக்கில் பழவேற்காடும் ஒரு வரி.

அப்படியென்றால் ஒத்துப்போவது பண்பாடு, மரியாதை எல்லாம் இல்லையா? இருக்கலாம், தனிமனிதர்களிடம். கம்பெனியைப் பொறுத்தவரை அது எதிரே இருப்பவர் “வெளியே போ” என்று சொல்லக்கூடியவரா என்பதைப் பொறுத்தது. சொல்ல முடிந்த இடத்தில் தன் கையாலேயே கிடங்கை இடித்தது. முடியாத இடத்தில் கோட்டை கட்டியது.

இதை ஜப்பானுக்குப் போடும் சல்யூட்டாகவும் என்னால் எழுத முடியவில்லை. வெளியே போ என்ற அந்தக் குரலுக்குப் பின்னால் நாகசாகியில் விழுந்த 61 தலைகள் இருக்கின்றன. ஹாரா கோட்டைக்குள் செத்த சொந்த நாட்டு விவசாயிகளும் இருக்கிறார்கள்.

எங்கள் டீமில் பிரிட்ஜ் எஞ்சினியர் என்று ஒரு பெண் இருந்தார். சென்னையில் ஜப்பானிய மொழி படித்தவர். அவர்கள் சொன்னதை எங்களுக்கும், நாங்கள் சொல்லாமல் விட்டதை அவர்களுக்கும் விளங்கவைப்பது அவர் வேலை. தெஜிமா மொழிபெயர்ப்பாளர்கள் வீட்டுக்காரனின் ஆட்கள். இவரோ வேலை தேடிப் போனவர்களின் ஆள். அந்தப் பக்கத்தில் யாரும் தமிழ் படிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவையை நாங்கள் அவர்களுக்கு உண்டாக்கவில்லை.

நண்பன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். போன மாதம் போன் பண்ணி, பழவேற்காட்டுக் கோட்டையைப் பற்றிச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ஸ்லைடு இல்லன்னுதானே சொல்ற?” என்றான்.

“யோசிக்கிறேன்” என்றேன்.